நான்காவது சரணம்

இது நடந்த விஷயம். தேவகுமாரியை இன்றைக்கும் ஏற்காட்டில் பார்க்கலாம். கேட்டால் தேதியோடு சொல்வாள். 1987 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

வெள்ளக்கடை போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். அதற்குள் அந்தக் காலத்துத் துரைமார் கட்டிய சின்ன சர்ச். சுவர், தரை, கூரை எல்லாமே மரம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கச்சேரி. அதற்காக மெட்ராஸிலிருந்து தேவசிகாமணி என்பவர், லூட் என்கிற பழைய தந்தி வாத்தியத்தோடு வந்திருந்தார். கச்சேரியில் பாடப்போவது, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினைவிட்டுத் துரத்தப்பட்ட யூதர்கள், போன ஊரிலெல்லாம் தங்கள் வீட்டுக்குள் பாடிப் பாடிக் காப்பாற்றிய பாட்டுகள். மரச்சுவருக்குள் பாடினால்தான் அவை எடுபடும் என்பது அவர் கட்சி.

பாட்டுக்குத் தேவகுமாரி. மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர். பதினாறு வருஷமாகக் கொயரில் பின்வரிசை. தனியாகப் பாடக் கிடைத்த முதல் வாய்ப்பு இதுதான். ஆனால் அன்று காலை தேவசிகாமணி போனில், "இந்தம்மா சரிவரலைன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து மனசு சரியில்லை.

மணி 3.20. வெளியே மூடுபனி. கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு ஒத்திகையை ஆரம்பித்தார்கள். பெஞ்சின்மேல் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஒரு தாலாட்டு. மூன்று சரணம். முதல் தடவை நன்றாகத்தான் வந்தது.

இரண்டாவது தடவை, நடுச் சரணத்தில்... கூடவே ஒரு பெண்குரல். மெல்லிசாக. ஒரு சொல் பிசகாமல்.

அவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தக் குரலும் நின்றது. கொஞ்சம் தாமதமாக.

"சார், யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"என்னது?"

"கூடப் பாடறது யாரு?"

தேவசிகாமணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான் ஏதோ வித்தை பண்றீங்கன்னு நெனச்சேன், டீச்சர்."

அவள் நம்பவில்லை. எனக்குப் பதில் பாடப்போகிறவளை எங்கேயோ ஒளித்துவைத்துப் பழக்குகிறார் என்றே நினைத்தாள். மர ஏணியில் ஏறி மேல்மாடத்தைப் பார்த்தாள். தூசி. பீடத்துக்குப் பின்னால் பார்த்தாள். பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாருமில்லை. கதவைத் திறந்தாள். படியில் வாட்ச்மேன் அங்கப்பன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உள்ள வேற யாராச்சும் வந்தாங்களா?"

"நானும் அதத்தானுங்க கேக்கலாம்னு இருந்தேன். நா இந்த எடத்த உட்டு நவுரவே இல்லீங்க. அந்த இன்னொரு அம்மா எப்படிங்க உள்ள வந்தாங்க?"

இவரும் உடந்தையோ? அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மணி 3.50. மறுபடியும் தாழ். மூன்றாவது தடவை. இந்த முறை அவள் பாடிக்கொண்டே தேவசிகாமணியின் உதட்டை மட்டும் பார்த்தாள். உதடு அசையவில்லை. குரல் வந்தது.

நிறுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது சரணத்தையும் முடித்தாள். தந்தி ஓய்ந்தது.

குரல் ஓயவில்லை.

அதே மெட்டு. வேறு சொற்கள். அவளுக்குத் தெரியாத நான்காவது சரணம்.

தேவசிகாமணி வாத்தியத்தைக் கீழே வைத்தார். "இதுக்கு மூணு சரணம்தான்..." என்றார்.

குரல் மேல்மாடத்திலிருந்து வரவில்லை.

பின்னாலிருந்தும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள். உள்ளங்கால் கூசியது... பலகை அதிர்ந்தது.

கீழே.

அவளுக்கு நேர் கீழே.

தாழை எப்படித் திறந்தாள், பஸ் ரோடு வரை எப்படி ஓடினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கச்சேரியைப் பள்ளி ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நன்றாகவே பாடினாள். கைதட்டினார்கள். முடியும்வரை சிமெண்டுத் தரையை விட்டு அவள் கண் எடுக்கவில்லை.

பிப்ரவரியில் தேவசிகாமணியிடமிருந்து கடிதம் வந்தது. டேப்பை அவர் பம்பாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார். பாட்டை அவருக்குச் சொல்லித்தந்தது அங்கே குடியிருக்கும் எஸ்டெரினா என்கிற யூத அம்மாள். இரண்டாவது குரல் கேட்டதுமே அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாராம். அது அவருடைய அக்கா குரல். ஒரு காப்பி எஸ்டேட் துரையைக் கட்டிக்கொண்டு 1934-இல் ஏற்காட்டுக்கு வந்தவள். வந்து சேர்ந்தேன் என்று ஒரு கடிதம். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

தேவகுமாரி கடிதத்தைக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, சர்ச் தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்க்கச் சொன்னாள். "பலகையப் பேக்கறதெல்லாம் ஆவாதுங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரம் சர்ச்சுக்கு இன்னொரு பூட்டு விழுந்தது.

அந்த நான்காவது சரணம் அவர்கள் குடும்பத்தில் யாரும் பாடியது கிடையாதாம். எஸ்டெரினா அழுதுகொண்டே அர்த்தம் சொல்லியிருக்கிறார். அதைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார் தேவசிகாமணி. இரண்டே வரி.

'என்மேல் நின்று பாடுகிறவளே, கொஞ்சம் தள்ளி நில்.
எனக்கு மூச்சு முட்டுகிறது.'