பதினாலு மாதத்துச் சோடா மிஷின்

என் அப்பா இராயப்பன் இந்தியாவில் இருந்தது பத்து மாதம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இதைச் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மேலும் ஆறவில்லை, அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் மேலும் ஆறவில்லை.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனையிலிருந்து டயகமவுக்குப் போகிற ரோட்டில், பாலத்தைத் தாண்டியதும் வருகிற வளைவில் எங்கள் கடை இருந்தது. சுற்றியிருந்த மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் அது ஒன்றுதான் கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், புகையிலை, சவர்க்காரம் எல்லாம் இருக்கும். ஆனால் சனங்கள் அதை அரிசிக் கடை என்றோ கருவாட்டுக் கடை என்றோ சொன்னதில்லை. சோடாக் கடை என்றுதான் சொல்வார்கள்.

காரணம், கடை மூலையில் பச்சைச் சாயம் பூசி நின்ற மிஷின். கழுத்தில் கண்ணாடிக் குண்டு போட்ட போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, அதன் இரும்புக் கூட்டுக்குள் அடுக்கி, காஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். போத்தல் தலைகீழாகப் புரளும்போது குண்டு வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். பதினைந்து வயதிலிருந்து அந்தக் கைப்பிடியைச் சுற்றியது நான்தான். என் வலது தோள் இடது தோளைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், போகட்டும்.

இந்தக் குளிரில் யாருக்குச் சோடா வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எல்லாருக்கும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வேண்டும். வயிறு உப்பிப்போனவர்களுக்கு வேண்டும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் என்ன கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு வேண்டும். அப்பா கிளாஸில் இரண்டு கரண்டி நன்னாரிப் பாகை ஊற்றி, போத்தலின் குண்டைப் பெருவிரலால் ஒரு தட்டு தட்டி, நுரை விளிம்பைத் தாண்டாமல் ஊற்றுவார். ஊற்றிக்கொண்டே கதையை ஆரம்பிப்பார். கதையில்லாமல் அவர் கையால் சோடா குடித்தவர் ஒருவரும் கிடையாது.

கதை இதுதான். திருச்சியில் ஒரு சோடாக் கம்பெனியை மூடப் போகிறார்கள், மிஷின் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, 1940ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பா தலைமன்னாரில் கப்பலேறினார். அங்கே போனால் கம்பெனிக்காரனின் தம்பி வழக்குப் போட்டிருந்தான். வழக்கு முடியும் வரை அப்பா ஒரு மண்டியில் மூட்டை தூக்கினார். நடுவில் காய்ச்சலில் விழுந்தார். கடைசியில் மிஷினைப் பிரித்துச் சாக்கில் கட்டி, டிசம்பரில் வந்து சேர்ந்தார். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்னால் பக்கத்து லய வீட்டுக் குழந்தை றோலண்டுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தகப்பனாக நின்றது அப்பாதான். பெப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்க வாத்தியார் வேண்டியதில்லை.

ஆனால் பத்து மாதத்தில் கதை நிற்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அது ஒரு வருடமாகியிருந்தது. பிறகு பதின்மூன்று மாதம். 1950 வாக்கில் பதினாலில் வந்து நின்றது. மாதம் கூடக் கூடக் கடலில் அலையும் கூடியது, காய்ச்சலும் கூடியது. தினமும் வேலை விட்டதும் கடைக்கு வருகிற அழகுமுத்து அண்ணன் கேலி செய்வார்.

"அண்ணே, வர்ற வருசம் இன்னும் ரெண்டு மாசம் கூட்டிருவீங்களா?"

"நீ அங்க வந்து பாத்தியாடா? குடிக்கிறதக் குடி," என்பார் அப்பா.

அம்மா மரியநாயகி உள்ளேயிருந்து முணுமுணுப்பாள். "இந்த மனுசன் வாயில வந்தா கழுதகூடக் குதிரையாயிரும்." எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். அன்றைக்கே அந்த வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்ற காலம் வந்தது. அப்பா இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாக இந்த மலைக்குத் தூக்கி வரப்பட்டவர். 1947 தேர்தலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டவர். அடுத்த இரண்டு வருடத்துக்குள் சட்டம் மாறி, நீ யார் என்று கேட்டது. பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்தால் இந்த நாட்டுக்காரர். கிடைக்காவிட்டால் எந்த நாட்டுக்காரரும் இல்லை, எப்போது கப்பலேற்றுவார்கள் என்று தெரியாமல் கிடக்க வேண்டியதுதான். 1951இல் தலவாக்கலையில் பெட்டிசம் எழுதுகிறவரிடம் கொடுத்து மனுவை எழுதி அனுப்பினோம். அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் கிடைக்கும்.

இரண்டு வருடம் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒரு நாள் பிற்பகல் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். கோட்டும் தோல்பையுமாக இருந்தார். நல்ல தமிழ் பேசினார். கடை வாங்கில் உட்கார்ந்து, ஒரு சோடா கேட்டார். கிளாஸைக் கைக்குட்டையால் சுற்றித்தான் பிடித்தார், அதனால்தான் எனக்கு அவரை மறக்கவில்லை.

"மிஷின் நல்லா இருக்குதே. எங்கே வாங்கினது?" என்று கேட்டார்.

அவ்வளவு போதாதா அப்பாவுக்கு? அலை, வழக்கு, காய்ச்சல், சாக்கு எல்லாம் வந்தது. பதினாலு மாதமும் வந்தது. வந்தவர் தலையாட்டிக் கேட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து இரண்டு வரி எழுதிக்கொண்டார். தான் மனுவை விசாரிக்க வந்த அதிகாரி என்று அப்போதுதான் சொன்னார். அப்பா அவரிடம் காசு வாங்க மறுத்து, பஸ் வரும் வரை குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம கதைய எழுதிக்கிட்டுப் போறாருடி," என்று அன்று முழுக்கப் பெருமைப்பட்டார்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கூப்பாணி அடுத்த மாதம் வந்தது. நுவரெலியாவில் இருந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். சாட்சிக்கு அழகுமுத்து அண்ணனும் வந்தார். அம்மாவும் நானும் கதவோரத்து வாங்கில் இருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் வேறொருவர். அவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"இந்தியாவில் பதினாலு மாதம் இருந்ததாக நீரே சொல்லியிருக்கிறீர். சரிதானா?"

தன் கதையை ஒரு பெரிய கந்தோரில், ஒரு பெரிய மனிதர் வாயால் கேட்டதும் அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை நான் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"ஆமாங்க ஐயா. பதினாலு மாசம். அத்தன மாசம் அங்க கெடந்தும் நான் அங்க நிக்கலிங்க. மிஷினத் தூக்கிக்கிட்டு இந்த மண்ணுக்குத்தான் ஓடி வந்தேன். எனக்கு இதுதாங்க ஊரு."

அவர் நினைத்தது அதுதான். எவ்வளவு அதிக நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினாரோ, அவ்வளவுக்கு இந்த ஊர் மேல் அவருக்குப் பற்று இருப்பதாக ஆகும் என்று நினைத்தார். இப்படி ஒரு மனிதர் நினைப்பார் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் அவர்களுக்கு என்ன?

மாதத்தைச் சொன்னதும் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

"ஐயா, அப்பா கடையில சொல்ற கதைங்க அது. பத்து மாசந்தாங்க இருந்தாரு."

"அப்போது உனக்கு எத்தனை வயது?"

"ஒம்பதுங்க."

"போய் உட்காரம்மா."

அப்பா திரும்பி என்னை முறைத்தார். ஆட்கள் முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டேன் என்ற கோபம் அவருக்கு. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நான்தான் கடை நடுவில் நின்று வாசித்தேன். 1946க்கு முந்திய ஏழு வருடமும் மனுதாரர் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். மனுதாரர் பதினாலு மாதம் வெளியே இருந்ததாகத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

பன்னிரண்டு மாதம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பெட்டிசம் எழுதியவர் சொல்லவில்லை. இரண்டு கிளாஸ் சோடா குடித்தவர் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், தெரியாதவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பீல் போட்டோம். கோயில் பதிவேட்டில் றோலண்டின் ஞானஸ்நானத்துக்கு அப்பா டிசம்பரில் போட்ட கையெழுத்துக்கு நகல் வாங்கினேன். 1940 ஜனவரியில் கடை லைசன்சு எடுத்த பற்றுச்சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஜனவரியில் இங்கே இருந்தவர், டிசம்பரில் இங்கே இருந்தவர், நடுவில் எப்படிப் பதினாலு மாதம் வெளியே இருக்க முடியும்?

அப்பீல் விசாரணை அன்றைக்கு அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழகுமுத்து அண்ணன் பக்கத்தில் நின்றார். அத்தனை வருடமாக அந்தக் கதையைக் கேட்ட மனிதர்.

"நான் பொய் சொன்னேங்க ஐயா," என்றார் அப்பா. "கடைக்கு வர்ற சனம் சிரிக்கட்டுமேன்னு சொன்னது. பத்து மாசந்தாங்க. மாதா மேல ஆணையா."

அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. அழகுமுத்து அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பற்றுச்சீட்டில் அப்பாவின் கையெழுத்து இல்லையாம், பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாமாம். அவர் எப்போது புறப்பட்டார் என்பதற்கு அத்தாட்சி இல்லையாம். முதலில் தானாகச் சொன்னதுதான் நம்பத்தக்கது, பிறகு சொன்னது காரியத்துக்காகச் சொன்னது என்று எழுதி அனுப்பினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகூட நம்பாத பொய்யை நம்பினார்கள். மாதா மேல் ஆணையிட்டுச் சொன்ன உண்மையை நம்பவில்லை.

அதன் பிறகு அப்பா சோடா மட்டும்தான் ஊற்றினார். புதிதாக வந்த யாராவது மிஷினைப் பற்றிக் கேட்டால், "திருச்சி," என்பார். அவ்வளவுதான். நான் அவரைத் தேற்றவில்லை. தேற்ற எனக்கு மனம் வரவில்லை. கோபம் வரும் நாளில் அவர் முன்னாலேயே கைப்பிடியை வேகமாகச் சுற்றுவேன், ஒன்றிரண்டு போத்தல் வெடிக்கும். அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவார். அம்மா 1961இல் போய்ச் சேர்ந்தாள், எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல்.

1964இல் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. மனு தள்ளுபடியான எங்கள் தலைகள் இந்தியாவின் பங்கில்தான் போகும் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் ஒரு கார் வந்து கடை முன்னால் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது. அவர் கைக்குட்டையை வெளியே எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கே ஒரு பெரியவர் மிஷின் கதை சொல்வாரே," என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "கேட்க வேண்டிய கதை. அவர் இருக்கிறாரா?"

அப்பா உள்ளேயிருந்து மெதுவாக வந்தார். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். வந்தவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"திருச்சியில வாங்கினதுங்க ஐயா. பத்து மாசம் இருந்து கொண்டாந்தேன்," என்றார்.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போது பதினாலு மாதம் என்றீர்களே. வயதாக ஆகக் கதையும் குறையுதா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவருக்குக் கதை மறக்கவில்லை. மாதக்கணக்கு மறக்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதுதான் மறந்துவிட்டது.

"மூன்று சோடா கொடும்மா."

"சோடா இல்லிங்க," என்றேன்.

அவர் என் பின்னால் தட்டில் நிரையாக இருந்த போத்தல்களைப் பார்த்தார். "அதெல்லாம்?"

"அதெல்லாம் எங்ககூட இந்தியாவுக்குப் போறதுங்க."

அவர் முகம் ஒரு மாதிரியானது. விளங்கியதோ, என்னைத் திமிர்பிடித்தவள் என்று நினைத்தாரோ தெரியாது. கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கார் டயகம பக்கம் திரும்பியது.

அப்பா இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு போத்தலாவது கொடுத்திருக்கலாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"அவருகிட்ட ஒருக்கா சரியாச் சொல்லிரணும்னு இத்தன வருசமா இருந்தேன்," என்றார். பிறகு கார் போன பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "எழுதிக்கிட்டாரா, பவுலின்?"

நான் திரும்பிப் போத்தல்களைத் துடைக்கத் தொடங்கினேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.