பசை காயட்டும்னு நின்ன ஆர்ன்ஃபின்

"இந்தப் பனியை நம்பவே முடியாதுடி!"

ஈஸ்டர் நெருங்கிட்டா ஆர்ன்ஃபினுக்குத் தினமும் காலையில இதே புலம்பல்தான். பனி இவன் கையில அடிச்சா சத்தியம் பண்ணிக் குடுத்துச்சு? ராத்திரி உறையும், வெயில் ஏறினா இளகும். அது வேலையை அது பாக்குது.

சாயங்காலம் மெஷின் வந்து, கால்ல மாட்டுற சறுக்குக் கட்டைக்குப் பனியில தடம் போட்டுட்டுப் போகும். விடியும்போது அது கண்ணாடி. மத்தியானம் கூழ். நடுவுல கொஞ்ச நேரம்தான் சறுக்க லாயக்கு. அந்த நேரத்துக்கு ஊரே வழியில உரிச்சுத் திங்க ஆரஞ்சைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடும். ஆர்ன்ஃபின் மட்டும் ஷெட்டுக்குள்ள. ஏத்தத்துல கட்டை பின்னால வழுக்காம இருக்க அடியில தடவுற பசை இருக்கே, அதுல ஆராய்ச்சி. உறைஞ்ச பனிக்குன்னு நீலப் பசையைத் தடவுவான். அதுக்குள்ள பனி இளகிடும். சுரண்டிட்டு ஈரப் பனிக்குச் சிவப்பு. கதவுக் கைப்பிடி, காப்பிக் கோப்பை, நாயோட காது, எல்லாத்துலயும் பிசுக்கு. துடைக்கிறதுக்குப் பொண்டாட்டி தூர்குன் இருக்காளே!

இந்த வருசம் தூர்குனோட அக்கா குட்னி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்குற மலைவீட்டை வித்துட்டா. அங்க இதான் கடைசி ஈஸ்டர். புருசனோட ஒரு தடவையாவது போய் அந்த வாசல்ல உக்காரணும்னு தூர்குனுக்கு எத்தனையோ வருசத்து ஆசை. அன்னைக்கு விட்டா வழி இல்ல; மறுநாளோட தடம் போடுற மெஷினும் நின்னுடும், போற வழியில இருக்குற சதுப்புல தண்ணி ஏறிடும்.

"ஏன்யா, கிளம்பலாமா?"

"பசை காயட்டும்டி."

"நான் அடியில மீன் செதில் மாதிரி வெட்டின கட்டைதான் வச்சிருக்கேன், அதுவே வழுக்காது. பசையும் வேணாம், மண்ணும் வேணாம். நீயும் ஒண்ணு வாங்கேன்."

"அது கட்டையா? சின்னப் பசங்க சாமான். நாலு பேரு பாத்தா சிரிப்பான்."

"இப்ப மட்டும் அழுவுறானா?"

ரோசம் வந்துடுச்சு மனுசனுக்கு. அடுப்புப் பக்கத்துல சூடு பண்ணின பசை ஆறக்கூட விடாம அப்படியே வெளிய வந்து தடத்துல ஏறினான். சூட்டுப் பசையில பனி அப்பிக்கிட்டு ஒரு சாண் உசரம். குதி உசந்த செருப்பு போட்ட மாடு மாதிரி நின்னான்.

"இருடி, சுரண்டிட்டு வந்துடறேன்!"

"சுரண்டு. நல்லா சுரண்டு."

அவ திரும்பிப் பாக்கல. பனி இளகுறதுக்குள்ள குட்னி வாசல்ல போய் வெயில்ல உக்காந்துட்டா. சாமான் கட்டி முடியிற வரைக்கும் அங்கதான் இருப்பாளாம். வீட்டு ஞாபகம் வரலையான்னு கேட்டா, "நாய் நல்லா இருக்கான்னு மட்டும் பாக்கணும்"ங்கிறா.

ஆர்ன்ஃபின் தனியாத்தான் கிடக்கான். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. சர்ச்சுக்குப் பின்னாடி மஞ்சள் வீடு. அந்தப் பக்கம் போனா ஏதாவது சாப்பாடு எடுத்துக்கிட்டு ஒரு எட்டு போய்ப் பாருங்க.