அக்கா போட்ட மாமன் மோதிரம்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அக்காவை என்னைவிட அதிக காலம் தெரியும். அதனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று பலமுறை எழுதி அடித்துவிட்டேன். விட்டுப்போனது இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மேல்மலையில், பூம்பாறையில். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. அக்கா மூத்தவர், நான் வெகு காலம் கழித்துப் பிறந்தவள். பூண்டுக் காட்டில் களை எடுப்பதிலிருந்து மட்டக்குதிரை மேல் மூட்டை ஏற்றுவது வரை அப்பாவுக்குத் துணையாக நின்றவர் அக்காதான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டிய மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். மாமாவையும் நெஞ்சுவலி கொண்டுபோனது. அழுதுகொண்டே இருக்க அக்காவுக்கு நேரம் இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் வந்து சேர்ந்தார்.

அங்கே மிஷன் பள்ளியில் கைவேலை கற்பித்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், பெண்களை வைத்துச் சிறிய வெள்ளிப் பட்டறை நடத்திவந்தார். பெருக்கித் துடைக்கச் சேர்ந்த அக்கா, சீக்கிரமே அரம் பிடித்தார். வெள்ளித் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கல் பதிப்பது வரை கைவந்தது. ஏரிக்கரைக் கடைகளில் அவர் செய்த மோதிரங்களும் தோடுகளும் விற்றன. ஒருமுறை சுற்றுலா வந்த அம்மா ஒருவர், “இது மெஷின்ல செஞ்சதுதானே?” என்று கேட்டார். அக்கா தன் விரல்களை விரித்துக் காட்டினார். “மெஷினுக்கு இம்புட்டுத் தழும்பு இருக்குமாங்க?” அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். அந்த விரல்கள்தான் என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தன. அய்யம்பாளையத்தில் எனக்குத் திருமணமும் செய்து வைத்தன.

என் மகளுக்குப் பழனியில் முதல் மொட்டையும் காதுகுத்தும் என்று முடிவானபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. குழந்தையை மடியில் வைத்து உட்கார வேண்டியது தாய்மாமன். சீர் கொண்டுவந்து விரலில் மோதிரம் போட வேண்டியதும் அவர்தான். எனக்கோ உடன்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. அக்காவிடம் போனில் கேட்டேன்.

“ஏண்டி, நான் இல்லையா? நான்தான் மாமன். மீசை மட்டுந்தான் இல்ல. ஒட்டிக்கிட்டு வரவா?” என்றார்.

கணவரை இழந்த பெண் நல்ல காரியத்தில் முன்னே உட்காரலாமா என்று சொந்தத்தில் பேச்சு எழும் என எனக்குத் தெரியும். எழுந்தது. என் மாமியாரின் அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்றுதான் அழைப்போம். எங்கள் பெரியப்பா மகனைப் பேருக்கு உட்கார வைக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். அக்காதான் உட்காருவார், இல்லையென்றால் மொட்டை தள்ளிப்போகட்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல்நாளே அக்கா சீர்த்தட்டோடு அய்யம்பாளையம் வந்துவிட்டார். தட்டில் இருந்தது தங்க மோதிரம் அல்ல. தன் கையால் செய்த வெள்ளி மோதிரம். நடுவில் டர்க்காய்ஸ் என்கிற நீலக் கல், மழை விட்ட வானத்தின் நிறத்தில். குழந்தை வளர வளர விரித்துக்கொள்ளும்படி அடிப்பக்கம் இணைக்காமல் விட்டிருந்தார். கல் கழன்று குழந்தை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அக்கா ஒரு ஊக்கை எடுத்து நீட்டினார். “பேத்துப் பாரு.” என் நகம்தான் உடைந்தது.

மறுநாள் காலை பழனி அடிவாரத்து முடி மண்டபத்தில் சீர்த்தட்டைத் திறந்தோம். கல் நீலமாக இல்லை. மங்கிய பச்சையாக மாறியிருந்தது.

பெரிய மாமா எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, பாசி புடிச்ச மாதிரி கெடக்கு? நான் அன்னைக்கே சொன்னேன். சாமியே காட்டிருச்சு. அந்தப் பெரியப்பா மகனைக் கூப்புடுங்க.”

அக்கா மோதிரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். “புளி வாசம் அடிக்குது. யாரு கழுவுனது?”

“நாந்தேன்” என்றார் அத்தை. “குத்துவெளக்கு தேய்ச்சப்ப இதையும் புளித்தண்ணியில போட்டேன். கல்லச் சுத்தி ஒரே கருப்பா இருந்துச்சே தாயி. சீரு பளிச்சுன்னு இருக்க வேணாமா?”

அக்கா சிரித்துவிட்டார். “அத்தே, அந்தக் கருப்பு அழுக்கு இல்ல. கல்லு எடுப்பாத் தெரியணும்னு நானே பாடுபட்டு ஏத்துனது! இந்தக் கல்லு புளியும் எண்ணெயும் தாங்காது. நெறம் மாறிப்போகும்.”

“சிரிக்கிற சோலியா இது?” என்றார் பெரிய மாமா.

அதுவரை தலைகுனிந்து நின்ற அத்தை நிமிர்ந்தார். “அண்ணே, எம் மகனுக்கு மாமனா நீங்க ஒக்காந்தீக. மோதிரத்த வீட்டுல மறந்துட்டு வந்து, மொட்டை பாதியில நிக்கையில கடைத்தெருவுக்கு ஓடுனீக. அன்னைக்கு சாமி ஒண்ணும் காட்டலையாக்கும்?”

நாவிதர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அத்தை அக்காவிடம் திரும்பினார். “கல்லக் கெடுத்தது ஏங் கை. சகுனம்னா அது எனக்குத்தான். நீ ஒக்காரு தாயி, நேரமாகுது.”

அக்கா சம்மணம் போட்டு அமர்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். கத்தி பட்டதும் வீறிட்ட மகள், அக்கா அவள் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டதும் அழுகையை நிறுத்தி, நேராக அதை வாயில் வைத்துக் கடித்தாள். நான் பதறி ஓடினேன். “பேசாம இருடி. இதைப் பேக்க இவளுக்குப் பல்லு பத்தாது” என்றார் அக்கா. புதுக் கல் மாற்றித் தருகிறேன் என்று பிறகு அவர் சொன்னபோது, சாமி முன்னால் போட்டது அப்படியே இருக்கட்டும் என்று மறுத்தவர் அத்தைதான். பெரிய மாமா இதைப் படித்துச் சிரிப்பார் என்ற துணிச்சலில்தான் இதையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டே அக்காவுக்கு நோய் கண்டது. மதுரைக்கும் மலைக்குமாக அலைந்த மாதங்களிலும் பட்டறைப் பெண்களுக்குப் போனில் வேலை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாட்களில் கொடைக்கானல் வீட்டிலேயே இருக்க விரும்பினார். விரும்பியபடியே, பகல் வெளிச்சத்தில், எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி கண் மூடினார்.

அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட டீச்சருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பட்டறைத் தோழியருக்கும், நோய்ப் படுக்கையில் தலை வாரிப் பின்னிவிட்ட என் அத்தைக்கும், பனியில் நின்று பந்தல் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணியை உடன்பிறந்த ஆண்தான் போர்த்துவது வழக்கம். அதை யார் போடுவது என்று கேள்வி வருமோ என்ற பயத்தோடுதான் புதுச்சேலையைக் கையில் ஏந்தி நான் வாசலில் நின்றேன். யாரும் கேட்கவில்லை. “பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சு, வழி விடுங்கப்பா” என்று முதல் குரல் கொடுத்தவர் பெரிய மாமா. அவருக்கும், அந்தக் குரலுக்கு விலகி நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.