கருடனுக்குத் திறந்த பஞ்சாரம்

எனக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எதற்கும் இன்னொருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. கோழி வளர்த்ததற்குக் கணக்கு கிடையாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அவள் ஒரு வரியை விட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

ரெண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துபோகும் என்றார்கள். அழியவில்லை. மரநாயும் அழியவில்லை. போன வாரம் எங்கள் மாடியில் மருமகள் வைத்திருந்த கூண்டுக்குள் புகுந்து நாலு கோழிகளின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தின்றது ஒன்று, கொன்றது நாலு. திண்டுக்கல் டவுனுக்குள்ளே, பஸ் ஓடுகிற ரோட்டை ஒட்டி மரநாயா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மகன் கம்பி வலை வாங்கிவந்து அடித்தான். வேறென்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்கள். மரநாய்க்குச் சொன்னேன், கீரிக்குச் சொன்னேன், காட்டுப்பூனைக்கும் சொன்னேன். பருந்துக்கு மட்டும் வாய் வரவில்லை. அன்றைக்கு வராதது இன்றைக்கு வருகிறது, எழுதட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. அய்யா திண்டுக்கல்லில் தோல் மண்டியில் மூட்டை தூக்கினார். வாரத்துக்கு ஒருநாள் வருவார். வீட்டில் ஆத்தா, நான், ரெண்டு வயசுத் தம்பி. பக்கத்து வீட்டில் அய்யாவோடு பிறந்த அத்தை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ரெண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயின. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

அந்தச் சித்திரையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், கொடைரோட்டுக்குத் தூக்கிப்போய் மருந்தும் வாங்கிவந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பால் வைத்தால் கடைவாயில் வழிந்தது. ஆத்தா அவனைத் தோளை விட்டு இறக்காமல் நடந்துகொண்டே இருந்தாள். அதனால் கோழிக் காவல் என் தலையில் விழுந்தது.

எங்கள் செங்கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. ஆத்தாவுக்குக் கோழி என்றால் உயிர். முட்டை ஒன்று உடைந்தால் அன்றைக்கு முழுதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். வெயில் ஏறினால் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் சிம்பில் முடைந்த பெரிய கூடையில், கவிழ்த்து மூடி மேலே ஆட்டுரல் குழவியை வைக்கவேண்டும். காக்கைக்குப் பயங்காட்டச் செத்த காக்கை ஒன்றைக் கம்பில் கட்டியிருந்தோம். பருந்துக்கு நான். கையில் பனை மட்டை. ஒரு குஞ்சு குறைந்தாலும் தோலை உரித்துவிடுவேன் என்று ஆத்தா சொல்லியிருந்தாள்.

ஆனால் பருந்தில் ரெண்டு உண்டு. கருப்பாக வருவது திருட்டுப் பருந்து, கத்தி விரட்டவேண்டும். வெள்ளைக் கழுத்தும் செங்கல் நிறச் சிறகுமாய் வருவது கருடன்; அது சாமி. கண்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவேண்டும். எனக்கு ஒரு சந்தேகம். கருடன் குஞ்சைத் தூக்க வந்தால் கும்பிடுவதா, விரட்டுவதா? அத்தையிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"போடி கூறுகெட்டவளே, சாமி எங்கிட்டு வந்து குஞ்சு திங்கும்?"

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயில். தம்பி காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் மட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கோழியும் குஞ்சுகளும் பஞ்சாரத்துக்குள் பத்திரமாக இருந்தன. தரையில் ஒரு நிழல் வட்டம் போட்டது. நிமிர்ந்தேன். வெள்ளைக் கழுத்து. பனை உயரத்தில் சிறகை அசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆத்தா, கருடன் என்று கூப்பிட்டேன், அவள் கும்பிடட்டும் என்றுதான்.

ஆத்தா தம்பியைத் தோளில் போட்டபடி வெளியே வந்தாள். கும்பிடவில்லை. அதையே பார்த்தாள். பிறகு காலால் குழவியைத் தள்ளிவிட்டாள். ஒற்றைக் கையால் பஞ்சாரத்தைத் தூக்கி வீசினாள். அது உருண்டு போய் வேலியில் மோதியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோழி மிரண்டு கொக்கரித்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. ஆத்தா விடவில்லை. உள்ளே போய்க் குருணையை அள்ளிவந்து, நிழலே இல்லாத நடு முற்றத்தில் இறைத்தாள். குஞ்சுகளுக்கு என்ன தெரியும், கீச்கீச் என்று தீனிக்கு ஓடின.

நான் மட்டையை ஓங்கிக்கொண்டு ஓடினேன். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. மட்டை கீழே விழுந்தது. காற்று ஒன்று முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். மஞ்சள் குஞ்சு ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் தலைக்கு மேலே கேட்டது, பிறகு பனைக்கு மேலே கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆத்தா அண்ணாந்து பார்த்து, யாரோ எதிரில் நிற்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"எடுத்துக்க. ஒன்னோட விட்டுரு."

அழக்கூட வரவில்லை. ஆத்தாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அவளோ ஒன்றும் நடக்காதவள்போல மீதிக் குஞ்சுகளை மூடி, குழவியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியக்காலையில் தம்பிக்கு வேர்த்து ஊற்றியது. மத்தியானம் கஞ்சி குடித்தான். அய்யா வந்தார். ஆத்தாவே கோழிக்குஞ்சைப் பருந்துக்குத் தூக்கிக் கொடுத்தாள் என்று முதல் வேலையாகக் கோள் சொன்னேன். ஆத்தாவுக்கு நாலு கிடைக்கும் என்று பார்த்தேன். அய்யாவோ தம்பியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அய்யா டவுனுக்குத் திரும்பிய மறுநாள் கருடன் மறுபடி வந்தது. இந்தத் தடவை எனக்கு முறை தெரியும். நானே குழவியைத் தள்ளிப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றேன். ஒரு குஞ்சு போனது. ஆத்தா மெச்சுவாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆத்தா ஓடி வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் எடுத்து வானத்தைப் பார்த்து எறிந்தாள்.

"ஒன்னுதானே சொன்னேன்! ஒன்னுதானே சொன்னேன்!"

அத்தை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, சாமியை எறியுறியேடி பாவி என்று தன் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். ஆத்தாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தம்பி தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை வெளியே எடுத்துத் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் முழிக்கவில்லை. இன்னும் உலுக்கினாள். பிள்ளை வீல் என்று கத்தினான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் பல நாள், பட்டப்பகலில் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு ஒரு குஞ்சைத் தூக்கிக் கொடுத்தவளுக்கு இன்றைக்கு ஒரு குஞ்சுக்காக இம்புட்டு ஆங்காரமா, தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புகிறாள், ஒன்னோட விட்டுரு என்று அவள் கேட்டது மிச்சக் குஞ்சுகளுக்காகத்தானே என்று நினைத்தேன். அவள் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எட்டு வயதில் தெரியவில்லை. எனக்குக் கல்யாணமாகி, நானும் பெற்றதில் ரெண்டை மண்ணுக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஆத்தா போய்விட்டாள்.

போதும் தாயி, பேனாவை மூடு. முதலிலிருந்து ஒருதரம் வாசி, கேட்போம். கதவு சாத்தியிருக்கட்டும், உங்க அம்மா பிள்ளை பெற்றவள், அவள் காதில் விழவேண்டாம்.