கொம் என்றால் வந்த கிடாக்கள்

போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி. ஜெர்மனியில் எதற்கும் ஒரு பயிற்சி உண்டு. ஏணியில் ஏறுவதற்குக்கூட நான் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். தென்னந்தோப்புக்காரர் மகள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. தீக்காயப் பாடத்துக்கு மேஜைமேல் ஒரு ரப்பர் காலை வைத்திருந்தார்கள். கொதிக்கிற எதுவாவது மேலே கொட்டிவிட்டால் உங்கள் ஊரில் முதலில் என்ன செய்வார்கள் என்று பயிற்சி தந்த அம்மாள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் தண்ணீர் என்றார்கள். என் முறை வந்தபோது என்னை அறியாமல் "பற்பசை" என்று சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் மூக்கில் அந்த வாசனை ஏறிவிட்டது: புதினா, கறிக்குழம்பு, வெந்த தோல். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முகர்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இருந்தால் எங்கள் ஆலங்குடிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மொய் விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, பணம் தேவைப்படுகிற வீட்டுக்காரர் ஆடி மாதம் பந்தல் போட்டு ஊருக்குக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான். கிணறு வெட்டியிருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், துபாய்க்குப் போயிருக்கிறார்கள். பெண்பிள்ளை வெளிநாட்டில் படிக்க விருந்து வைத்தது எங்கள் ஊரில் என் அப்பாதான் முதல். அதற்கு விழுந்த முதல் அடியும் அப்பா கொடுத்ததுதான்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் புயல் வந்து எங்கள் தோப்பைத் தின்றுவிட்டுப் போனது. காலையில் போய்ப் பார்த்தால், நின்றுகொண்டிருந்த ஒன்றிரண்டு மரங்களும் கழுத்தைத் திருகிப் போட்ட கோழி மாதிரி தலை தொங்கிக் கிடந்தன. அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்னொரு மரத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பார்த்துத்தான் எனக்கு ஜெர்மனிப் பைத்தியம் பிடித்தது. அங்கே பொறியியல் படிக்கக் கட்டணம் கிடையாது என்று செல்போனில் படித்திருந்தேன். கட்டணம் கிடையாதுதான். ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா. அந்த வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. பல் விளக்குவது முதல் படுக்கப் போவது வரை பட்டியல் போடுகிற நான் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

மொழி படிக்கவும் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. பக்கத்திலேயே இருந்த சித்தப்பாவின் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் கிடைக்கும். எனவே என் இணைய வகுப்பு புழுக்கை வாசனையில் நடந்தது. அங்கே நான்கு கிடாக்கள் நின்றன. அந்த மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்று ஒட்டு உண்டு. மனப்பாடமாக வேண்டும் என்று அவற்றையே கிடாக்களுக்குப் பெயராக வைத்தேன். நான்காவதற்கு ஒட்டு மிஞ்சவில்லை. அதற்குப் பன்மை என்று பெயர். வேப்பங்குழையை நீட்டி 'கொம்' என்பேன். வா என்று அர்த்தம். நான்கும் முட்டிக்கொண்டு ஓடிவரும்.

"ஆடு நாலும் பாஸாயிருச்சு. நீ எப்பத்தா பாஸாவ?" என்பார் சித்தப்பா. அவர் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். பல வருஷம் வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலை பார்த்துவிட்டு வந்தவர். புதுவீட்டுக்குச் சுவர் எழுப்பி, கூரை போடப் பணமில்லாமல் நிறுத்தியிருந்தார். அடுத்த ஆடியில் விருந்து வைப்பது, அந்த மொய்யில் கூரை போடுவது என்பது அவர் கணக்கு. அதற்காகத்தான் அந்தக் கிடாக்கள். அண்ணன் தம்பி இருவரும் ஊருக்குச் செய்த மொய் எல்லாம் ஒரே வீட்டுப் பேரில்தான் இருந்தது. யார் விருந்து வைத்தாலும் திரும்பி வரும். ஒருமுறைதான் வரும்.

சித்திரையில் ஒருநாள் எங்கள் வாசலில் வைத்து அப்பா சொன்னார். "இந்த ஆடிக்கு நான் விருந்து வைக்கிறேன். பாப்பா படிப்புக்கு."

சித்தப்பா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு, "இது எம்முறையில்லையாண்ணே?" என்றார்.

"ஒங்கூரை அடுத்த வருஷமும் போடலாம். விசா நிக்காதுடா."

"அடுத்தடுத்து ரெண்டு வருஷம் வச்சா எவண்ணே வருவான்? அதுல பாதி எங்காசு. வெயில்ல வெந்த காசு."

"ஊரறிய எம்பேருலதானடா கெடக்கு."

"சரி வாங்குங்க. பாப்பா நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயிரும். திருப்பிச் செய்யிறது யாரு? ஒங்க மருமகனா? வெள்ளைக்காரனா வருவான், அவனுக்கு மொய்யின்னா என்னன்னு சொல்லிக் குடுங்க."

அப்பா அறைந்தார். சித்தப்பாவின் பல் உதட்டைக் கிழித்து, சட்டைப் பையில் ரத்தம் சொட்டியது. அவர் திருப்பி அடிக்கவில்லை. எங்கள் வாசலிலேயே துப்பிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் என் குரல் கேட்டால் கிடாக்கள் கத்தும்.

பிறகு பேனர் வந்தது. அது இல்லாமல் எங்கள் பக்கம் எதுவும் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பிளெக்ஸ் கடைக்காரர் என் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, பின்னால் ஒரு விமானத்தை வைத்திருந்தார். அது என் காதிலிருந்து கிளம்புவது போல் இருந்தது. ஓரங்களில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மாமாவின் மொட்டையடித்த மகன். சித்தப்பா இல்லை. கோபித்துக்கொண்டவன் எப்படியும் வரப்போவதில்லை என்று அப்பா அவர் படத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனை அறைந்துவிடலாம். பேனரில் விட்டுவிடக் கூடாது.

விருந்தன்று விடியும்போதே பந்தலுக்குப் பின்னால் ஆடுகளை வெட்டித் தோலுரித்தார்கள். மண் ரத்தத்தைக் குடித்துக் குடித்து, பிறகு குடிக்க முடியாமல் தேங்கவிட்டது. முதல் பந்தி முடிந்து இரண்டாவது உட்காரும் நேரம், சித்தப்பா வந்தார். கையில் தேங்காய் வெட்டுகிற அரிவாள். நேராகப் பேனருக்கு முன்னால் போய் நின்று, ஓரம் ஓரமாக, பொறுமையாகப் பார்த்தார்.

"எம்மூஞ்சி எங்கண்ணே?"

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "வராதவனுக்கு எதுக்கு மூஞ்சி?" என்றார்.

சித்தப்பா அரிவாளை ஓங்கி மேலிருந்து கீழே இழுத்தார். என் நெற்றி, மூக்கு, தாடை என்று வரிசையாகப் பிளந்தது. காற்று உள்ளே புகுந்து இரண்டு பாதியும் படபடவென்று அடித்தன. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சித்தப்பாவின் தலையில் அடித்தார். அதன் கால் உடைந்து புருவத்தைக் கிழித்தது. சித்தப்பா திரும்பி ஒரே வீச்சில் மாமாவின் தோள்பட்டையில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். காய்ந்த தென்னை மட்டையை மிதித்தது போல இருந்தது. அரிவாளைத் திருப்பிப் பிடித்து மழுங்கிய பக்கத்தால்தான் அடித்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த வேகத்தில் திருப்பத் தோன்றியிருக்கிறது அவருக்கு.

அதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாதவர்கள்தான் நன்றாக அடித்தார்கள். யாரோ சோற்றுக் கரண்டியால் யாரையோ அடிக்க, பருக்கை பறந்தது. விலக்கிவிட ஓடிய அப்பாவையும் இழுத்துக்கொண்டு நாலைந்து பேர் அடுப்பின் மேல் போய் விழுந்தார்கள். குழம்பு அண்டா சாய்ந்தது. அவ்வளவும் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே.

அப்பா அலறி நான் கேட்டது அன்றைக்குத்தான். வேட்டியைக் கத்தரித்து எடுத்தது நான். துணியோடு தோலும் வந்தது. யாரோ பக்கத்துக் கடையிலிருந்து பற்பசையை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். குழாய் குழாயாகப் பிதுக்கி இரண்டு கால்களிலும் பூசினேன். அது தப்பு என்று இன்று எனக்குச் சான்றிதழே இருக்கிறது. ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அப்பா அசையவில்லை. "ஊரு எந்திரிக்கிதும்மா, பாரு" என்றார்.

உண்மைதான். பந்தி எழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் கை நனைக்காதவர் மொய் எழுத மாட்டார், வாங்கவும் கூடாது. முக்கால்வாசி ஊர் இன்னும் சாப்பிடவில்லை. குழம்பு மண்ணில் கிடந்தது. அவர்கள் போய்விட்டால் என் விசா போச்சு, வைத்த விருந்து வைத்ததுதான் என்பதால் சித்தப்பாவின் கூரையும் போச்சு.

அப்போது சித்தி வந்தார். ஊர் நடுவில் வாய் திறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. புருவத்திலிருந்து ரத்தம் வடிய மண்ணில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முன்னால் நின்று, "கொட்டிட்டீங்கள்ல? மனசு ஆறிருச்சா?" என்றார். "பேனர்ல இருந்தாலும் இல்லாட்டியும் இது ஒங்க வீட்டு விருந்து. ஒங்க வீட்டுப் பந்தில ஒக்காந்தவன் பட்டினியா எந்திரிச்சுப் போறான். பாத்துக்கிட்டு இருங்க."

விறுவிறுவென்று போய்க் கொட்டகையைத் திறந்துவிட்டார். நான்கு கிடாக்களும் வெளியே வந்தன. ரத்த வாடை பட்டதும் மிரண்டு கடலைக்காட்டுக்குள் பாய்ந்தன. ஆட்கள் துரத்தத் துரத்த இன்னும் தூரமாக ஓடின. சித்தப்பா எழுந்தார். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைத் தேடினார்.

"ஆத்தா, கூப்புடு."

நான் அப்பாவின் காலில் மறுபடி பற்பசையைப் பிதுக்கினேன்.

"கூப்புடு புள்ள. அதுக ஒம்பேச்சத்தான் கேக்கும்."

கூப்பிட்டேன். 'கொம்.' சத்தம்கூடச் சரியாக வரவில்லை. கடலைச்செடிக்குள்ளிருந்து முதலில் டெர் தலையைத் தூக்கியது. பிறகு நான்கும் வந்தன, எப்போதும் வருகிற அதே முட்டலோடு. என் கையில் குழை இல்லை. பற்பசைதான் இருந்தது. டெர் அதை நக்கியது. நக்கிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா அதன் காதைப் பிடித்து இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே வெட்டு. பன்மை கடைசி. மற்ற மூன்றும் விழுந்ததைப் பார்த்த பிறகும் அது என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

கறி வேகும்வரை ஒருவரும் போகவில்லை. சற்றுமுன் மூக்கை உடைத்தவனும் உடைபட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் பந்தல் வாசலில் வைத்தோம். வெள்ளை பூசிய கால்களை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "வாங்க, வாங்க, கை நனைக்காமப் போயிராதீங்க" என்று எல்லாரையும் கும்பிட்டார். மாமா கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு இடக்கையால் சாப்பிட்டார், மறுசோறும் கேட்டார். மொய்ப் பணத்தில் சில தாள்களில் ரத்தக்கறை இருந்தது. வங்கியில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். போதுமான அளவு இருந்தது. சித்தப்பா சாப்பிடவில்லை. அரிவாளைக் கழுவி எடுத்துக்கொண்டு கடலைக்காட்டு வழியாக நடந்து போனார். அதற்குப் பிறகுதான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

நான் கிளம்பிய அன்று சித்தப்பா வரவில்லை. இங்கு வந்து முதல் வருஷம் யாராவது 'கொம்' என்று கூப்பிட்டால் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவேன். இந்த ஊர்க்காரர்கள் அந்த வார்த்தையை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? குழந்தைக்கு, நாய்க்கு, பேருந்துக்கு.

ஊருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மருமகனுக்கு வேலை வைக்கவில்லை. ஆடி பிறந்தால் அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "சித்தப்பா விருந்து வைக்கலையாம்மா?" "வைக்கலடி." அவர் விருந்து வைத்தால்தானே நான் செய்ய முடியும்?

போன ஆடியில் விடுப்பில் போயிருந்தேன். தோப்பு இருந்த இடத்தில் சோளம் நின்றது. அப்பாவின் கணுக்கால் இரண்டும் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்திருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பாதையைக் கம்பிவேலி அடைத்துவிட்டதால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். கூரையில்லாத புதுவீட்டுக்குள் ஒரு வேம்பு என்னைவிட உயரமாக நின்றது. தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறித் தொட்டால் உதிர்ந்தன. சித்தப்பா என்னைப் பார்த்தார். புருவத்தில் தழும்பு. "ம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்.

"விருந்து வைக்கச் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார் சித்தி. "ஆடு வளக்க ஏலாதுங்குறாரு."

கொட்டகைக்குப் பின்னால் போனேன். இப்போது அங்கும் சிக்னல் கிடைப்பதில்லை. உள்ளே புழுக்கைகூட இல்லை. மேலே அந்தப் பேனரைப் போர்த்தியிருந்தார்கள். வெயில் எல்லாவற்றையும் தின்றிருந்தது. எழுத்து இல்லை, விமானம் இல்லை, அப்பா அம்மா இல்லை, என் முகம் இருந்த இடம் வெறும் வெள்ளை. நடுவில் மேலிருந்து கீழே ஓடிய கிழிசல் மட்டும் பச்சை நைலான் நூலில், கோணி ஊசியால், நெருக்கி நெருக்கித் தைக்கப்பட்டிருந்தது.

"யாரு சித்தி தச்சது?"

"அவருதான். ஒருநா பூரா ஒக்காந்து தச்சாரு. மழை உள்ள எறங்குதுன்னாரு."

"உள்ளதான் ஆடே இல்லையே சித்தி?"

சித்தி கொட்டகைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றார்.