எலித்தோல் ஆசனம்

ருக்குமணி தன் கணவரின் கையை மோந்து பார்த்த பிறகுதான் சோறு போடுவாள். கருவாட்டு வாடை அடித்தால் மறுபடி சோப்புப் போடச் சொல்வாள். அடிக்காவிட்டால், இன்றைக்குப் பொறி வைக்கப் போகாமல் எங்கே சுற்றிவிட்டு வந்தீர்கள் என்பாள். பதினைந்து வருடமாக எலி பிடித்துப் பிழைக்கும் மனிதருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

சாம்பசிவம் ஒரு காலத்தில் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியோடு வாய்த்தகராறு வந்ததும் மருந்துத் தோம்பைத் தோளிலிருந்து இறக்கி, கிராணியின் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். ருக்குமணிக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை இருந்ததால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு தப்பியது. அதன் பிறகு அவர் யாருக்குக் கீழேயும் வேலை பார்த்ததில்லை. லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடும் சீன முதலாளிகளான தவுக்கேமாருக்கு எலி பிடித்துக் கொடுத்தார். எலி ஒன்றுக்குக் கூலி இரண்டு வெள்ளி.

கேட்பதற்குச் சுலபமான தொழில். ஆனால் எலி தினமும் ஒரே தடத்தில்தான் நடக்கும். பொறி அந்தத் தடத்தில் ஒரு சாண் தள்ளி இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. புதுக் கம்பியை நம்பாது; சேற்றில் ஊறப்போட்டுப் பழசாக்க வேண்டும். இரைக்கு நேற்றுச் சுட்ட கருவாட்டை வைத்தால் தொடாது. மழை பெய்தால் வராது. மழை பெய்யாத நாளைக் கேமரன் மலையில் தேடிப் பிடிப்பது எலி பிடிப்பதைவிடக் கஷ்டம். இத்தனையையும் கற்றுத் தேர்ந்து முடித்தபோது, தவுக்கேமார் பத்து வெள்ளிக்கு ஒரு பொட்டலம் மருந்து வாங்கித் தூவ ஆரம்பித்துவிட்டார்கள். சாம்பசிவத்தின் மாத வருமானம் நானூறு வெள்ளிக்கு இறங்கி, அங்கேயே படுத்துக்கொண்டது.

ருக்குமணியின் தம்பி சசிதரன் திரிங்காப்பில் பூத்தோட்டத்து பேக்கிங் கொட்டகையில் சூப்பர்வைசர். கையில் விசில் வைத்திருப்பான். மச்சானுக்கு ஒரு வேலை காலியாக இருக்கிறது, வந்து செவ்வந்திக்குக் காகிதம் சுற்றட்டும் என்று மாதாமாதம் சொல்லி அனுப்பினான். சாம்பசிவத்துக்கு வேலைகூடப் பெரிதில்லை; அந்த விசிலுக்கு ஓடுவதுதான் பிடிக்கவில்லை.

கடைசியில் ருக்குமணி கெடு வைத்தாள். தோட்டத்து முனீஸ்வரன் கோயில் திருவிழா அன்றைக்குள் பொறியிலிருந்து ஆயிரம் வெள்ளி, செலவு போக, கையில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை திரிங்காப்.

அந்த வாரம்தான் யுவனேஸ்வரன் வந்தான். வாரத்தில் ஆறு நாள் காய்கறி லோரி ஓட்டுவான். ஏழாம் நாள் அவன்மேல் முனீஸ்வரன் வந்து குறி சொல்வார். அவனுக்கு ஒரு மனக்குறை. பக்கத்துத் தோட்டத்துப் பூசாரி ஈப்போவில் வாங்கிய புலிப்படம் போட்ட துணியில் உட்கார்ந்து குறி சொல்கிறானாம். கூட்டம் அங்கே போகிறதாம். ஆகவே இவனுக்கு நிஜத் தோலில் ஆசனம் வேண்டும். முடியோடு, காட்டு ஜீவனின் தோல். எண்ணூறு வெள்ளி தருவான். இருநூறு முன்பணம், மிச்சம் திருவிழா முடிந்ததும்.

சாம்பசிவம் பொறுமையாக விளக்கினார். புலி என்றால் ஜெயில். மான் என்றாலும் ஜெயில், கொஞ்சம் குறைச்சல். முசாங் என்கிற மரநாய்க்கு வனவிலங்கு இலாக்காக்காரன் வீட்டுக்கே வருவான்.

"சட்டத்துல மாட்டாத ஜீவன் ஒண்ணு இருக்கு, தம்பி. நல்ல முடி. ஆனா பேரு மட்டும் கேக்காதீங்க."

யுவனேஸ்வரனின் கண் பளபளத்தது. பெயரையே சொல்ல முடியாத மிருகம் என்றால் எவ்வளவு அபூர்வமாக இருக்கும் என்று அவனே எண்ணிக்கொண்டான். "கேக்க மாட்டேண்ணே. நமக்குள்ளேயே இருக்கட்டும்லா."

சாம்பசிவம் பொய் சொல்லவில்லை. அதைத்தான் பிறகு எல்லாரிடமும் அழுத்தி அழுத்திச் சொன்னார்.

எலியைக் கொல்லும் பொறி முடியைக் கெடுத்துவிடும். கூண்டில் உயிரோடு பிடித்து, தொட்டித் தண்ணீரில் கூண்டோடு முக்க வேண்டும். தோலைக் காலுறை கழற்றுவதுபோல உரித்து, கொழுப்பைக் கரண்டி விளிம்பால் வழித்து, உப்பில் போட வேண்டும். வயிற்று முடி வெளிறிப்போய் அசிங்கமாக இருக்கும். முதுகு மட்டும்தான் உதவும். ஒரு முதுகு கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார எழுபது எலியாவது வேண்டும். யுவனேஸ்வரன் கொஞ்சம் அகலமான ஆள்.

தோலைப் பதப்படுத்த மருந்து வாங்கினால் லாபம் போய்விடும். ஃபேக்டரியில் கூட்டித் தள்ளும் தேயிலைத் தூசியை ருக்குமணி கேட்டு வாங்கி, மூட்டையில் கொண்டுவந்தாள். தேயிலையின் துவர்ப்புக்குத் தோலை இறுக்கும் குணம் உண்டு. முதல் தடவை சாம்பசிவம் அவசரப்பட்டு, கருங்காப்பி மாதிரி கெட்டிச் சாயத்தில் ஊறப்போட்டார். மேல்தோல் இறுகி, உள்ளே அழுகி, எலிகளுக்கெல்லாம் வழுக்கை விழுந்தது. அந்தத் தொகுதியைப் புதைத்துவிட்டு மறுபடி பிடிக்கப் போனார். இரண்டாவது தடவை நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோல மெல்லிய சாயத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டினார். பிறகு முட்டை மஞ்சள் கருவும் தேங்காய் எண்ணெயும் தேய்த்து, மண்வெட்டிப் பிடியில் போட்டு இழுத்து இழுத்து மெதுவாக்கினார். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தார். ருக்குமணி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழம்பு வைத்தாள்.

முடிந்தபோது அழகாகத்தான் இருந்தது. தேன் நிறத்தில், மயிலிறகுக் கண்கள்போல அடுக்கடுக்காகத் தைத்த தோல். யுவனேஸ்வரன் தடவிப் பார்த்து, அந்த மிருகம் ரொம்பப் பெரிதாக இருந்திருக்குமோ என்று கேட்டான். கூட்டமாகத் திரியும் என்று மட்டும் சாம்பசிவம் சொன்னார்.

திருவிழா அன்று உறுமி மேளம் அதிர, நண்பகலில் யுவனேஸ்வரன் மேல் சாமி இறங்கியது. சுருட்டைப் பற்றவைத்து, தோல் ஆசனத்தில் அமர்ந்தார் முனீஸ்வரன். ஜனங்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அப்போது தூறல் போட்டது.

தேயிலைச் சாயம் எவ்வளவோ நல்ல காரியம் செய்யும். ஆனால் நனைந்த எலியின் வாடையை அதனால் மறைக்க முடியாது. கோயில் சமையல் கொட்டகையிலிருந்து ஒரு பூனை வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. முதல் பூனை ஆசனத்தை மோந்து பார்த்துவிட்டு நகத்தால் பிறாண்டியது. சாமி அதை ஒரு கையால் தள்ளினார். அது சாமியின் மடியில் ஏறி மறுபக்கம் இறங்கியது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முனீஸ்வரனுக்குப் பூனை சேவகம் செய்வதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. அதற்குள் மற்றொரு பூனை ஓரத்தில் ஒரு தோலைக் கவ்வி, தையலோடு பிய்த்துக்கொண்டு ஓடியது.

குறி கேட்க முன்னால் நின்றவள் வடிவம்மாள். மகனுக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா என்று கேட்க வந்தவள், அதை விட்டுவிட்டு மூக்கைச் சுளித்தாள். "சாமி, எலி வாடை வருதே?"

சாமி ஒரு கண்ணைத் திறந்து சாம்பசிவத்தைத் தேடினார். பிறகு வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் மலையேறிவிட்டார்.

சாயங்காலம் யுவனேஸ்வரன் ஆசனத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தான். லயமே வாசலில் நின்று பார்த்தது. மிச்சம் அறுநூறையும் தர முடியாது, முன்பணம் இருநூறையும் திருப்பிக் கொடுங்கள் என்றான். அறுநூறு வராவிட்டால் திங்கட்கிழமை திரிங்காப்பில் விசில்.

"சாமியைக் கொண்டுபோய் எலிமேல உக்கார வச்சிட்டீங்களேண்ணே. வீடியோ எல்லாம் போயிருச்சு. என் மூஞ்சியை நான் எங்க வச்சிக்கிறது?"

சாம்பசிவம் யோசித்தார். பொறி வைக்கும்போது யோசிப்பதுபோலவே, அவசரப்படாமல் யோசித்தார்.

"தம்பி, பிள்ளையார் எதுமேல உக்காந்திருக்காரு?"

யுவனேஸ்வரன் அக்குளிலிருந்த தோல் சுருளைக் குனிந்து பார்த்தான்.

"யானைத் தலை, தொந்தி, அத்தனை பாரத்தோட அவரே ஒரு எலி போதும்னு உக்காந்திருக்காரு. உங்களுக்கு எழுபது எலி போட்டிருக்கேன். குறைச்சலா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். யுவனேஸ்வரன் சிரிக்கவில்லை, லோரியை ரிவர்ஸ் எடுப்பவன்போல எங்கேயோ பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தோட்டத்தானிடம் இருப்பது வெறும் துணி. தன்னிடம் இருப்பது பிள்ளையாரின் வாகனம், அதுவும் எழுபது. சொல்லும் விதத்தில் சொன்னால் எடுபடும் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்து, சாமியே எலித்தோல்தான் வேண்டும் என்று உத்தரவு கொடுத்ததாக யார் கேட்டாலும் சொல்ல முடியுமா என்றான். சாம்பசிவம் பேரம் பேசவில்லை. நான் மிருகத்தின் பெயரைச் சொன்னதில்லை, சாமி எதைக் கேட்டார் என்பது சாமிக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம் என்றார். அதுவே போதும் என்று யுவனேஸ்வரன் பணத்தை எடுத்தான். எண்ணிக் கொடுக்கும்போது, பூனை கிழித்ததற்கு ஐம்பது வெள்ளியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான்.

"கிழிச்சது பூனை. அதுகிட்டயே போய்க் கேளுங்க, தம்பி," என்றாள் ருக்குமணி உள்ளேயிருந்து. ஐம்பதும் வந்தது.

பிறகு அவள் கணக்குப் பார்த்தாள். எலிக்காசும் தோல்காசுமாக ஆயிரத்து இருநூறு. அதில் உப்பு, முட்டை, எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், மூட்டை தூக்கிய கூலி என்று தனக்கும் கொஞ்சம், எல்லாம் கழித்தாள். ஆயிரத்துப் பதினெட்டு நின்றது. இதே பாட்டுக்குத் திரிங்காப்பில் பூ சுற்றியிருந்தால் இதைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்திருக்கும் என்பதை அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் கெடு வைத்தவளும் அவள்தான். வாக்கு மாறுகிறவள் இல்லை.

சசிதரன் ஃபோன் பண்ணினான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான் வந்துவிடுவாரா, பூட்ஸ் என்ன அளவு என்று கேட்டான். சாம்பசிவம் எழுந்து ஃபோனை வாங்கக் கை நீட்டினார். ருக்குமணி கொடுக்கவில்லை.

"வரமாட்டாருடா சசி. அந்த பூட்ஸை நீயே போட்டுக்க. இல்லடா, மொதலாளி ஆயிட்டாருன்னுலாம் நெனைக்காத. அவரு கையை நான் மோந்து பாத்திருக்கேன். அந்தக் கையால சுத்துனா உன் பூவை எவன்டா வாங்குவான்?"