தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

லிஃப்ட் மெக்கானிக்குக் கதவுகள் மேல்தான் நம்பிக்கை, மனிதர்கள் மேல் அவ்வளவாகக் கிடையாது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களை வெளியில் நின்று பேசிப் பேசியே அடக்கிவிடுவார். பயமா, அது என்ன விலை என்று கேட்கிற ஆசாமி.

அவருடைய நாய்க்குத் துரை என்று பெயர். தோரணையெல்லாம் வயதோடு போய்விட்டது. காதும் சுத்தமாகக் கேட்காது. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். ஒருமுறை அவர் கையையே பதம் பார்த்திருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தங்கை, தவழும் குழந்தையோடு வருகிறாள் என்றதும் துணி தேய்க்கும் அறையைத் துரைக்கு ஒதுக்கினார். வந்துபோகிறவர்கள் கதவைத் திறந்துபோட்டு விடுவார்களே என்று, தானாகவே சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் மாட்டினார். எந்தக் கொம்பன் வந்தாலும் இது திறந்து கிடக்காது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு.

தங்கை கணவர் வந்தவுடனே சொல்லிவிட்டார், பிள்ளை மேல் ஒரு கீறல் விழுந்தாலும் நாய் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று. மெக்கானிக் தலையாட்டினார்.

பண்டிகைக்கு மறுநாள் தங்கை துரைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தால், கூடத்தில் பரிசுக் காகிதங்களோடு விளையாடிய பிள்ளையைக் காணோம். சாத்திய கதவுக்குப் பின்னால் அதன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, என் பின்னாடியே தவழ்ந்து வந்திருக்கு. நான் பாக்கலண்ணே."

மெக்கானிக் கதவை லேசாகத் தள்ளினார். கனமாக எதுவோ தடுத்தது. துரை கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கிறது. இன்னும் அழுத்தினால் திடுக்கிட்டு எழும், பக்கத்தில் பிள்ளை. பேசியே ஆட்களை அடக்கியவர், காது கேட்காத நாயிடம் என்னத்தைப் பேசுவார்? யாரும் கதவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கருவிப் பையிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு கொல்லைப்பக்க ஜன்னலுக்கு ஓடினார். எதற்கு அந்தக் கம்பி என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளே துரை தூங்கவில்லை. பிள்ளை அதன் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறு கையை அதன் வாய்க்குள் விட்டிருந்தது. துரை வாயை மூடாமல், அசையாமல், உடம்பெல்லாம் நடுங்கக் கிடந்தது. பயத்தில் இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருந்தது. ஜன்னலில் அவர் முகத்தைக் கண்டதும் வாலைத் தரையில் அடித்தது. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டது, பாவம்.

கம்பியைக் கீழே போட்டார். ஏறிக் குதித்துப் பிள்ளையைத் தூக்கி வெளியே கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. தங்கை கணவர் துரையைத் தங்கம் என்றார், தெய்வம் என்றார். பிறகு தரையில் கிடந்ததைப் பார்த்து, "கம்பி எதுக்கு மச்சான்?" என்றார்.

"ஜன்னலைத் திறக்கத்தான் மாப்பிள்ளை."

ஜன்னல் காலையிலிருந்து திறந்தேதான் கிடந்தது.